உப்பை விட்டு விட்டுக் கொடுத்தால் ஈஸ்ட் ஏன் தவிக்கிறது?

வெண்ணாறு:
வணக்கம். வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை ஊர்க்காரி நான். முதுகலை உயிரியல் படிக்கிறேன். கடல் ஏற்றத்தில் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், விட்டு விட்டு வரும் உப்பைச் செல் எப்படித் தாங்குகிறது என்பதையே ஆய்வுக்கு எடுத்தேன். ரொட்டி ஈஸ்ட்டுக்கு 0.4 மோலார் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு கலந்த வளர்ப்பு ஊடகமும் கலக்காததும் பம்ப் வழியாகச் சம நேரம் மாறி மாறிப் போகின்றன. அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் வளர்கிறது. 16 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் வளர்கிறது. 4 நிமிடம் என்றால் மட்டும் வளர்ச்சி படுத்துவிடுகிறது. மொத்த உப்பு மூன்றிலும் ஒன்றே. பம்பில் கோளாறா?

அரசலாறு:
முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். உப்புக்குப் பதில் சாயம் கலந்து ஓட்டி, செல்கள் இருக்கும் இடத்தில் நிறம் எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்று பாருங்கள். குழாய் நீளமானால் வேகமான துடிப்புகள் வழியிலேயே கலந்து மழுங்கிவிடும்.

குடமுருட்டி:
சாயச் சோதனை அவசியம். ஆனால் உங்கள் முடிவு உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், தங்கையே! அமெரிக்க உயிரியலாளர் வெண்டல் லிம் குழுவினர் 2015இல் இதையேதான் கண்டார்கள்: 8 நிமிடச் சுழற்சியில், அதாவது உங்கள் 4 + 4 நிமிடத்தில், ஈஸ்ட் கடுமையாகத் தளர்ந்தது.

உப்பு பட்டதும் ஹாக்1 என்ற புரதம் கிளர்ந்து உட்கருவுக்குள் போகிறது. செல் கிளிசராலைச் சேர்த்து நீரிழப்பை ஈடுகட்டுகிறது. பிறகு ஹாக்1 அடங்குகிறது. துடிப்பு மிக வேகமானால் இந்தப் பாதையால் அதைப் பின்தொடர முடியாது, சராசரியை மட்டும் உணர்கிறது. மெதுவானால் ஒவ்வொரு முறையும் பழகி ஓய்வெடுக்க நேரம் கிடைக்கிறது. நடுவில்தான் ஆபத்து. உப்பு விலகியதும் கிளிசரால் வெளியேறிவிடும், அடுத்த துடிப்பு ஹாக்1-ஐ மீண்டும் முழுதாகத் தூண்டும். அது ஏவும் மரபணுக்கள் அடங்க வழியின்றி அளவுக்கு மீறி இயங்குகின்றன. செல்லைத் தளர்த்துவது உப்பின் அளவன்று, அதன் தாளம்.

உறுதிப்படுத்த, பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் அதே சவ்வூடு அழுத்தம் தரும், ஆனால் அயனியாகப் பிரியாத சார்பிட்டாலை வைத்து ஓட்டுங்கள். அதிலும் தளர்ந்தால் காரணம் அயனி அன்று. ஹாக்1 ஏவும் மரபணுக்களில் ஒன்றான எஸ்டிஎல்1-ஐ இயக்கும் முன்பகுதியோடு ஒளிரும் புரதத்தை இணைத்த ஈஸ்ட் கிடைத்தால், மரபணு இயக்கத்தையும் நேரில் அளக்கலாம்.

அரசலாறு:
ஹார்மோனிலும் இப்படித்தான். மூளையிலிருந்து வந்து பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனை மணிக்கு ஒருமுறை துடிப்பாகக் கொடுத்தபோது குரங்குகளின் பிட்யூட்டரி இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரந்தது, இடைவிடாமல் செலுத்தியபோது அடங்கிப்போனது. எர்ன்ஸ்ட் நோபில் குழு 1978இல் காட்டியது.

வெண்ணாறு:
நன்றி அண்ணா, நன்றி அரசலாறு. எங்கள் நெற்பயிருக்கும் இதே கணக்கைப் போடலாமா?

குடமுருட்டி:
வேண்டாம். கடல் ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது. நெல் வேர் உப்பை உணரும் வழியும் வேறு. நாற்றுகளில் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை சுழற்சியை மாற்றிப் பார்த்துத் தனியாகத்தான் தேட வேண்டும். முதலில் சாயத்தை ஓட்டிவிட்டு முடிவை இங்கே எழுதுங்கள்.