கையால் செய்த தாள் மடித்தால் ஏன் பிளக்கிறது?

கேள்வி:
கலை வகுப்பில் பழைய செய்தித்தாளை ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, வலைச் சட்டத்தால் கூழை அள்ளித் தாள் செய்யக் கற்றுவருகிறோம். உலர்ந்த தாள் மடித்தவுடன் பிளந்துவிடுகிறது. கூழில் பசை சேர்த்தால் உறுதி கூடுமா?

பதில்:
பசையைவிட நாரின் நீளமே முக்கியம். செய்தித்தாளில் ஏற்கெனவே குட்டையாக இருக்கும் மரநார்களை மிக்ஸி மேலும் நறுக்கிவிடுகிறது. சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) கரைத்த நீரில் வேகவைத்து, நன்கு அலசிய வாழைநாரை மரச்சுத்தியலால் அடித்துக் கூழில் கலந்து பாருங்கள். அடிக்கும்போது நார் அறுபடுவதைவிட நுண்ணிழைகளாகப் பிரிவதே மிகுதி என்பதால், உலரும்போது அவற்றிடையே ஒன்றையொன்று பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நிறைய உருவாகின்றன. (வேகவைக்க அலுமினியப் பாத்திரம் கூடாது, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.)

மற்றொரு பதில்:
நார் சரியாக இருந்தாலும் கை சரியாக அசைய வேண்டும். சட்டத்தைத் தூக்கியதும், நீர் வடிவதற்குள், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்தால்தான் நார்கள் பல திசைகளில் பின்னிக்கொள்ளும். துணிமேல் கவிழ்த்தபின் பலமாக அழுத்துவதையும் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பசைக்கு வேலையே இல்லையா?

பதில்:
உண்டு. உலர்ந்த தாளின்மேல் நீர்த்த ஜெலட்டினோ மாவுப்பசையோ பூசினால் மை ஊறிப் பரவாது.