ஒன்பது புள்ளி வாங்கிய கேம் கிளிநொச்சியில் ஏன் திக்குகிறது?

இரணைமடுக்காரன்:
போன மாதம் ஒரு கேம் வாங்கினேன். பெயர் வேண்டாம். சொன்னால் அதன் ரசிகர்கள் வந்து சண்டை வேறு பக்கம் போய்விடும். வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். அக்கா மகனுக்குப் பிறந்தநாளுக்கு வந்த காசோடு என் சம்பளத்திலும் கொஞ்சம் போட்டு, யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் எடுப்பித்தேன். வீட்டில் இருப்பது முந்தின தலைமுறைக் கேம் மெஷின் (கொன்சோல்). டிஸ்கைப் போட்டதும் 40 ஜிபி அப்டேட் கேட்டது. ரவுட்டரில் இரவு டேட்டாவை வைத்து நாலு இரவு இறக்கினேன். பிறகு விளையாடினால், ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் படம் திக்குகிறது. மெஷின் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் மாதிரி இரைகிறது. மருமகன் அழுதே விட்டான்.

விமர்சனத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அடியில் ஒரு சின்ன வரி: புதிய தலைமுறை மெஷினில் விளையாடிப் பார்த்து எழுதியது. அந்த ஒன்பது அந்த மெஷினுக்கு, அவர் வீட்டு ரிவிக்கு, அவருடைய இன்டர்நெட்டுக்கு. என்னிடம் இருக்கிற கேமுக்கு யாரும் புள்ளி போடவே இல்லை.

விமர்சனத்துக்கு இலக்கம் எதற்கு? எழுதுவதை எழுதிவிட்டுப் போகட்டும். இலக்கம் இருந்தால் மனிசன் அதை மட்டும்தான் பார்க்கிறான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேம்கடை அண்ணை:
தம்பி, கோபம் விளங்குகிறது. ஆனால் இலக்கத்தை எடுக்கச் சொல்லாதீர்கள், என் பிழைப்பு அதில்தான். பரந்தனில் எட்டுக்குப் பத்து அடியில் கடை, மூன்று மெஷின், மணித்தியாலத்துக்கு 200 ரூபா. புதுக் கேம் ஒன்று 70 டொலர். டொலர் 300 ரூபா என்று பிடித்தாலே 21,000. அந்தக் காசு திரும்பி வரப் பெடியள் 105 மணித்தியாலம் அதையே விளையாட வேண்டும். வருஷத்துக்கு நாலு கேம் வாங்குவேன். அதற்காக ஒவ்வொன்றுக்கும் இருபது ஆங்கிலக் கட்டுரை வாசிக்க நான் எங்கே போவேன்?

அந்த வேலையை 2001இல் இருந்து மெட்டாக்ரிட்டிக் என்ற இணையத்தளம் செய்து தருகிறது. எல்லாருடைய புள்ளியையும் சேர்த்துச் சராசரி. 75உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. பச்சை என்றால் மேற்கொண்டு யூடியூப்பில் பார்ப்பேன். சிவப்பு என்றால் தொடமாட்டேன். தொடாமல் விட்டதை நினைத்து இதுவரை ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

முறிகண்டிக் கச்சான்:
அண்ணை, அது நேரான சராசரி இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு நிறை கொடுக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. நெல் எடுக்க வருகிற வியாபாரி தராசைச் சாக்கால் மூடிவிட்டு நிறுத்தால் நீங்கள் மூட்டையைக் கொடுப்பீர்களா?

அந்தத் தராசில் ஆட்களின் சம்பளமும் தொங்கியிருக்கிறது. 2010இல் வந்த ஃபோல்அவுட் நியூ வேகாஸ் கேமைச் செய்தது ஒப்சிடியன் கம்பனி. மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு புள்ளியால் போனது. செய்தவர்களில் ஒருவரே 2012இல் இதை வெளியில் சொன்னார்.

இன்னொன்று. 2007இல் கேம்ஸ்பொட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அதே தளம் முழுக்க அப்போது அந்தக் கேமின் விளம்பரம். ஆளை வேலையில் இருந்து நிறுத்தினார்கள். விளம்பரக்காரர்களின் நெருக்குதலும் அதற்குப் பின்னால் இருந்தது என்று அவர் வாய் திறக்க 2012 ஆனது.

கேம்கடை அண்ணை:
போனஸ் ஒப்பந்தம் முதலாளிக்கும் வேலை செய்தவனுக்கும் உள்ள கணக்கு. அதற்கு விமர்சகர் என்ன செய்வார்? பாவம் என்று ஒரு புள்ளி கூட்டிப் போட வேண்டுமா? கெர்ஸ்ட்மன் கதையும் என் பக்கம்தான். அந்த ஆறு சும்மா ஒரு இலக்கம் என்றால் யாருக்கும் நொந்திருக்காது.

மல்லாவி டீச்சர்:
இரண்டு பிள்ளைகளுக்கும் கேம் வாங்கிக் கொடுத்துக் கைசுட்டவள் நான். இருபது வருஷமாகப் பேப்பர் திருத்துகிறேன், அதனால் இந்தச் சண்டையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

75 என்றால் பச்சை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சாதாரண தரப் பரீட்சையிலும் 75 என்றால்தான் ஏ. அதோடு ஒற்றுமை முடிந்தது. எங்களிடம் 35 எடுத்த பிள்ளைக்கும் எஸ் உண்டு, அது சித்திதான். கேம் விமர்சனத்தில் 60 எடுத்தால் குப்பை என்கிறார்கள். பத்துக்கு ஏழு என்றால் வாங்குவதா விடுவதா என்று யோசிக்கிறார்கள். ஆறுக்குக் கீழே உள்ள இலக்கங்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. இங்கிலாந்தின் எட்ஜ் சஞ்சிகை ஐந்தைத்தான் நடுத்தரம் என்று வைத்துப் புள்ளி போடுகிறது. அவர்களின் ஆறும் இன்னொருவரின் எட்டும் கிட்டத்தட்ட ஒரே பேச்சாக இருக்கலாம். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் வருகிற சராசரி யாருடைய கருத்து?

ஜப்பானின் ஃபமிட்சு சஞ்சிகையின் முறை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். நாலு பேர் தனித்தனியே பத்துக்குப் போட்டு, கூட்டினால் 40. முழு 40 முதலில் எடுத்தது 1998இல் செல்டா ஒக்கரீனா ஒஃப் டைம். நாலு பேருக்குள் ஒருவர் ஒன்பதும் ஒருவர் ஆறும் போட்டிருந்தால் பார்த்தவுடனே தெரியும், இது எல்லாருக்கும் ஒத்துவராது என்று. ஆனால் அதற்குப் பிறகு இருபதுக்கு மேற்பட்ட கேம்கள் 40 எடுத்துவிட்டன. என் வகுப்பில் இப்படி நடந்தால் அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

சோதனைக்கு ஒரு புள்ளியிடும் திட்டம் இருக்கும். எந்த விடைக்கு எத்தனை என்று எழுதியே இருக்கும். பிள்ளை சண்டைக்கு வந்தால் அதைக் காட்டலாம். விமர்சகரிடம் அது இல்லை. எனக்கு இலக்கத்தோடு பிரச்சினை இல்லை, திட்டம் இல்லாமல் போட்ட இலக்கத்தோடுதான்.

பாலைப்பழம்:
டீச்சர், திட்டம் எழுதினாலும் சிரிப்பார்கள். 2014இல் ஐஜிஎன் தளம் போக்கிமொன் மறுபதிப்புக்கு 7.8 போட்டு, குறைகளில் ஒன்றாகத் "தண்ணீர் கூடிப்போச்சு" என்று எழுதியது. உலகமே இன்றுவரை அதை வைத்துப் பகிடி பண்ணுகிறது. மாரியில் இரணைமடுக் குளத்து வான்கதவைத் திறந்தால் கண்டாவளைப் பக்கம் நாங்களும் 7.8 என்றுதான் சொல்லுவோம்.

ஆனால் அதை எழுதிய மனுஷி சொன்னது சரி. அதில் பாதி உலகம் கடல். கடலில் போனால் அதே நாலைந்து பிராணிகள்தான் திரும்பத் திரும்ப வரும். விளையாடினவனுக்கு அந்தச் சலிப்புத் தெரியும். எனக்கு அந்த ஒரு வரி போதும். 7.8 என்பது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஏன் 7.7 இல்லை?

இரணைமடுக்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். சைபர்பங்க் 2077ஐ எடுங்கள். 2020 டிசம்பர் 10இல் வெளியீடு. அதற்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். கொன்சோல் பதிப்பைக் காட்டவே இல்லை. தாங்கள் விளையாடிப் பதிந்த வீடியோவைக்கூட அவர்கள் போட முடியாது. வெளியீட்டுக்கு முன் சராசரி 90க்குக் கிட்ட. அதை நம்பி சோனியின் முந்தின தலைமுறை மெஷினான பிளேஸ்டேஷன் 4க்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வேறு சாமான். ஒரு கிழமைக்குள் சோனி தன் கடையில் இருந்தே அதை எடுத்துக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. பச்சை பார்த்து வாங்கியிருந்தால் உங்கள் 21,000 எங்கே அண்ணை?

கேம்கடை அண்ணை:
பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்குப் பிறகு மெட்டாக்ரிட்டிக்கில் எத்தனை வந்தது என்று ஏன் சொல்லவில்லை? 57. அதுவும் இலக்கம்தான் தம்பி. கணினிக்கு ஒன்று, கொன்சோலுக்கு ஒன்று என்று பிரித்தே போடுகிறார்கள். ஒரு கிழமை பொறுத்தவனை அந்த 57 காப்பாற்றியது. வெளிவந்த அன்றே வாங்க வேண்டும் என்று யார் அடித்தார்கள்?

இலக்கத்தை எடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். யூரோகேமர் தளம் 2015இல் புள்ளியை விட்டுவிட்டு "பரிந்துரை", "தவிர்" என்று சொல்லால் எழுதியது. 2023இல் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. எட்டு வருஷ விரதம்!

முறிகண்டிக் கச்சான்:
பொறுத்து வாங்கினாலும் தப்ப முடியாது. கிரான் டுரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தயக் கேம், 2022 மார்ச். விமர்சகர்கள் எல்லாம் நல்ல புள்ளி போட்டு முடித்த பிறகு ஒரு அப்டேட் வந்தது. பல பந்தயங்களில் வெல்கிற பரிசுப் பணத்தைக் குறைத்துவிட்டார்கள். கார் வேண்டும் என்றால் நிசக் காசு கொடுத்து வாங்கு என்ற மாதிரி. அதே அப்டேட்டோடு சேர்வர் 30 மணித்தியாலத்துக்கு மேல் படுத்தது. தனியாக விளையாடுகிற பகுதிக்கும் இன்டர்நெட் வேண்டும் என்பதால் காசு கொடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். அந்த மாதக் கடைசியில் எங்களுக்கு 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு, நாங்கள் எப்படியும் இருட்டில்தான் இருந்தோம். அது வேறு கதை.

கேம் மாறிவிட்டது, விமர்சகர் போட்ட புள்ளி அப்படியே நிற்கிறது. போன வருஷ விடைத்தாளுக்கு இந்த வருஷப் பிள்ளையைப் பாராட்டுகிற மாதிரி.

பாலைப்பழம்:
அப்போ விமர்சகர்களை விட்டு, விளையாடுகிறவர்கள் போடுகிற புள்ளியைப் பார்ப்போம் என்று சொல்லவும் வழியில்லை. 2020 ஜூனில் லாஸ்ட் ஒஃப் அஸ் இரண்டாம் பாகம் வந்த அன்றே ஆயிரக்கணக்கில் வந்து பூச்சியம் போட்டார்கள். முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிற கேம் அது. விமர்சகர் சராசரி 93, சனத்தின் சராசரி அப்போது பத்துக்கு நாலுகூட வரவில்லை. அதற்குப் பிறகுதான் வெளியாகி 36 மணித்தியாலம் போகும்வரை சனம் புள்ளி போட முடியாது என்று மெட்டாக்ரிட்டிக் பூட்டுப் போட்டது.

அண்ணை, ஒன்று கேட்கவா? உங்கள் கடையில் அதிகம் ஓடுகிற கேம் எது?

கேம்கடை அண்ணை:
கால்பந்து. அதில் என்ன கேள்வி?

பாலைப்பழம்:
அதை ஒவ்வொரு வருஷமும் புள்ளி பார்த்தா வாங்குகிறீர்கள்?

கேம்கடை அண்ணை:
பிடித்துவிட்டாய். இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பெடியள் இரண்டு இரண்டு பேராக வருவார்கள், ஒரு மட்ச் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், தோற்றவன் எழும்ப வேண்டும். அதற்கு 40 போட்டாலும் 90 போட்டாலும் வாங்கியே ஆக வேண்டும். ஃபிஃபா 21 கால்பந்துக் கேமின் சுவிட்ச் மெஷின் பதிப்புக்கு ஐஜிஎன் பத்துக்கு இரண்டு போட்டது, அதுவும் முந்தின வருஷ விமர்சனத்தையே திரும்பப் போட்டு. கேமும் முந்தின வருஷக் கேம்தானே என்று! அந்த விமர்சகருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சரி, நாலில் ஒன்று கால்பந்து. மற்ற மூன்றுக்கும் இலக்கம் பார்ப்பேன். அதை விடமாட்டேன்.

மல்லாவி டீச்சர்:
அப்படியென்றால் அந்த மூன்றுக்கும் எங்கள் பக்கத்துத் திட்டம் ஒன்று வேண்டும். எந்த மெஷினில் விளையாடியது? டிஸ்க் போட்ட பிறகு எத்தனை ஜிபி இறங்கியது? இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? ஒரு ரிவியில் இரண்டு பேர் இருந்து விளையாடலாமா? என் மகன் சொல்கிறது, எழுத்து எத்தனை பெரிது. எங்கள் 24 அங்குல ரிவியில் கீழே ஓடுகிற வசனம் எறும்பு மாதிரி. கரண்ட் போனால் சேமித்தது நிற்குமா என்பதையும் சேருங்கள்.

இரணைமடுக்காரன்:
நான் தொடங்குகிறேன். முந்தின தலைமுறை மெஷின். 40 ஜிபி, நாலு இரவு. இன்டர்நெட் இல்லாமல் ஓடும். இரண்டு பேர் முடியாது. எழுத்துப் பரவாயில்லை. சந்தைப் பக்கம் போனால் திக்கும், காட்டுக்குள் திக்காது. கரண்ட் போனபோது அரை மணித்தியால விளையாட்டுப் போனது. கதை உண்மையாகவே நல்லம்.

கேம்கடை அண்ணை:
அருமை. இப்போ பத்துக்கு எத்தனை?

இரணைமடுக்காரன்:
போடமாட்டேன் அண்ணை.

கேம்கடை அண்ணை:
சும்மா சொல்லுங்கள், இரண்டாம் கையாக 6,000க்கு ஒன்று வந்திருக்கிறது. எடுப்பதா விடுவதா?

இரணைமடுக்காரன்:
காட்டுக்குள் மட்டும் விளையாடுகிற பெடியன் இருந்தால் எடுங்கள்.

கேம்கடை அண்ணை:
அப்போ ஆறு.