100 பில்லியன் குடுத்தாச்சுன்னு சொல்றவங்க இங்க வாங்க

கணக்கன்:
பக்கத்து இழையில வெற்றிவேல்77 எழுதியிருக்காரு, "பணக்கார நாடுங்க சொன்ன 100 பில்லியன் டாலரைக் குடுத்து முடிச்சாச்சு, இனிமேலாவது வளரும் நாடுங்க கை நீட்டுறதை விட்டுட்டு உழைச்சு முன்னேறட்டும்"னு. படிச்சதுல இருந்து வயித்தெரிச்சல் தாங்கல. 2009ல கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுல குடுத்த வாக்கு அது, வளரும் நாடுங்க பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க 2020க்குள்ள வருஷா வருஷம் 100 பில்லியன். 2020ல வரல, 2021லயும் வரல. 2022ல 115.9 பில்லியன் வந்துச்சுன்னு ஓஇசிடி ரிப்போர்ட் சொல்லுது, அந்த ஓஇசிடியே பெரும்பாலும் பணக்கார நாடுங்களோட சங்கம்தான். அதே ரிப்போர்ட்ல அரசுப் பணத்துல 69 சதவீதம் கடன்னு இருக்கு. கடன் சார், கடன்! வட்டியோட திரும்பி வாங்கப் போற பணத்தை எந்த முகத்தை வச்சுக்கிட்டு "குடுத்துட்டேன்"னு சொல்றது?

வெற்றிவேல்77:
என் பேர்லயே தனி இழையா, ரொம்ப சந்தோஷம். இனாமா தர்றோம்னு எப்போ சொன்னாங்க? திரட்டித் தர்றோம்னுதான் சொன்னாங்க, திரட்டிட்டாங்க, விஷயம் முடிஞ்சுது. தென்கொரியா வெளிநாட்டுக் கடன் வாங்கித்தான் தொழிற்சாலை கட்டுச்சு, 2010ல உதவி குடுக்கிற நாடுகளோட கமிட்டியிலயே போய் உக்காந்துடுச்சு. ஒப்பாரி வச்சுக்கிட்டு இருக்கல.

கணக்கன்:
கொரியாவை இழுப்பீங்கன்னு தெரியும். போர் முடிஞ்ச 1950கள்ல அமெரிக்கா அங்க கொட்டுனதுல பெரும்பங்கு திருப்பிக் கட்ட வேண்டாத மானியம், அதை மட்டும் வசதியா மறந்துடுவீங்க. மொசாம்பிக்கைப் பாருங்க. 2019 மார்ச்ல இடாய் புயல் அடிச்சு பெய்ரா நகரத்தையே சின்னாபின்னமாக்கிட்டுப் போச்சு. அந்த நாடு அதுக்கு முன்னாடியே கடன்ல மூழ்கிக் கிடந்துச்சு. அடுத்த மாசமே சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) சுமார் 118 மில்லியன் டாலர் ஒதுக்குச்சு, எப்படி? கடனா! வட்டி இல்லைன்னு சொல்வீங்க. அசலை யாரு கட்டுறது? உலகத்தைச் சூடாக்குனதுல அந்த ஜனங்களோட பங்கு எவ்வளவு?

மலர்விழி:
கடனா இல்லையான்னே ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க, அது என்ன வட்டிக்கு வருதுன்னு பேசவே மாட்டேங்குறீங்க. சூரிய மின் நிலையத்துல எரிபொருள் செலவே கிடையாது, பேனல், நிலம், லைன் இழுக்கிறதுன்னு கிட்டத்தட்ட எல்லாச் செலவும் ஆரம்பத்துலயே வந்துடும், அதனால யூனிட் கரண்டு என்ன விலைங்கிறதைப் பெரும்பாலும் வட்டிதான் முடிவு பண்ணும். வளரும் நாட்டுல அந்த முதலுக்கு ஆகுற செலவு பணக்கார நாட்டை விட ரெண்டு மடங்குக்குக் குறையாதுன்னு சர்வதேச எரிசக்தி முகமை (ஐஇஏ) சொல்லுது. அதே பேனல், அதைவிட நல்ல வெயில், ஆனா கரண்டு விலை கூட. வருமானம் உள்ளூர் காசுல வரும், கடனை டாலர்ல கட்டணும், காசு மதிப்பு சரிஞ்சா கம்பெனி காலி. அந்த ரிஸ்க்கை உலக வங்கி மாதிரி ஆளுங்க உத்தரவாதம் குடுத்து ஏத்துக்கிட்டா கடன்லயே நிறைய சாதிக்கலாம்.

வெற்றிவேல்77:
மலர்விழி மேடம் நியாயமாப் பேசுறாங்க. உலக வங்கியோட ஐடிஏங்கிற பிரிவு ஏழை நாடுகளுக்கு முப்பது நாப்பது வருஷத் தவணையில, பல சமயம் வட்டியே இல்லாமத் தருது. அதையும் கந்துவட்டியையும் ஒரே தட்டுல வச்சுப் பேசுறாரு கணக்கன்.

கணக்கன்:
மேடம், நீங்க அவருக்கு முட்டுக் குடுக்க வந்தீங்களா? நான் கேட்டது ஒரே கேள்வி. கடன் குடுத்துட்டு கணக்குல முழுத் தொகையையும் உதவின்னு எழுதலாமா? பதில் இல்லை. அந்தக் கணக்குல என்னென்ன ஏத்துனாங்கன்னு 2023ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தோண்டி எடுத்துச்சு. இத்தாலி ஆசியாவுல சாக்லேட், ஐஸ்கிரீம் கடை திறக்க உதவுனதைப் பருவநிலை நிதின்னு எழுதியிருக்கு. ஜப்பான் பங்களாதேஷ் மாதர்பாரியில நிலக்கரி அனல் மின் நிலையத்துக்குக் குடுத்த கடனும் அதே கணக்குல. நிலக்கரி!

வெற்றிவேல்77:
ஒரு ஐஸ்கிரீம் கடையைப் பிடிச்சுக்கிட்டு 115 பில்லியனும் பொய்ங்கிறீங்க. கொரோனா தடுப்பூசி காப்புரிமை விவாதத்துலயும் இதே கதைதான், ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு நாலு நாள் ஓட்டுனீங்க.

கணக்கன்:
அந்த விவாதத்துல பாதியில ஓடுனது யாருன்னு பழைய இழையைத் திறந்து பாருங்க. 2020 அக்டோபர்ல இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அந்தக் காப்புரிமையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டதுக்கு உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூன்லதான் அரைகுறையா ஒத்துக்கிச்சு. ஜனங்க செத்ததுக்கு அப்புறம். அன்னைக்கும் நீங்க கம்பெனிக்காரன் பக்கம்தான்.

பொதுஜனம்:
எல்லாரும் மேற்கையே திட்டுங்க, சீனாவைக் கேக்கவே கேக்காதீங்க. இன்னைக்குப் புகை விடுறதுல முதலிடம், ஆனா ஐநா பருவநிலை ஒப்பந்தத்துல இன்னும் வளரும் நாடு, கட்டாயம் நிதி தர வேண்டியதில்லை. ஜாம்பியா 2020 நவம்பர்ல கடன் கட்ட முடியாம நின்னுச்சு, கடன் குடுத்த அரசுகளோட உடன்பாடு வர 2023 ஜூன் ஆயிடுச்சு. அதுல பெருசாக் கடன் குடுத்தது யாரு?

கணக்கன்:
ஜாம்பியாவோட பாண்டு (கடன் பத்திரம்) வாங்குன தனியார் முதலீட்டாளருங்க அதுக்கும் அப்புறம் 2024லதான் இறங்கி வந்தாங்க, அவங்க என்ன பெய்ஜிங்கா? சீனாவைத் திட்டணும்னா தனி இழை போடுங்க, நானும் வந்து திட்டுறேன். இங்க பேச்சு 100 பில்லியன். 1953ல லண்டன் ஒப்பந்தத்துல மேற்கு ஜெர்மனியோட கடன்ல ஏறக்குறையப் பாதியைத் தள்ளுபடி பண்ணாங்க, கடன் குடுத்தவங்களாக் கையெழுத்துப் போட்ட நாடுங்கள்ல கிரீஸும் ஒண்ணு. அவங்களுக்கு வந்தா மறுசீரமைப்பு, மத்தவன் கேட்டா கை நீட்டுறதா?

மலர்விழி:
நான் யாருக்கும் முட்டுக் குடுக்க வரல. உத்தரவாதம் பத்தி எழுதுனேன், படிச்ச மாதிரியே தெரியல.

பொதுஜனம்:
1953க்குப் போயிட்டாரு. அடுத்து கிழக்கிந்தியக் கம்பெனிதான்.

வெற்றிவேல்77:
அதான். எதுக்கெடுத்தாலும் வரலாறு. 2024ல பாகு பருவநிலை மாநாட்டுல 2035க்குள்ள வருஷத்துக்கு 300 பில்லியன்னு ஒத்துக்கிட்டாங்களே, அது கண்ணுல படாது.

கணக்கன்:
வளரும் நாடுங்க கேட்டது 1.3 டிரில்லியன், கிடைச்சது 300 பில்லியன். யானைப் பசிக்கு சோளப்பொரி. இந்தியா அந்த மேடையிலயே எதிர்ப்புத் தெரிவிச்சுச்சு. அந்த 300லயும் எத்தனை பங்கு கடன், எத்தனை பங்கு மானியம்னு யாரும் எழுதிக் குடுக்கல. வெற்றிவேல், நாலாவது தடவை கேக்குறேன், 69 சதவீதம் கடனா இல்லையா?

வெற்றிவேல்77:
கடன்தான். அதனால என்ன?

கணக்கன்:
அதனால என்னவா? முதல் பதிவைத் திரும்பப் படிங்க.

வெற்றிவேல்77:
படிச்சேன். திரட்டித் தர்றோம்னாங்க, திரட்டுனாங்க.