சம்மனை வாங்கலாமா, வேண்டாமா?

மதுரைக்காரி: கணவர் இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து மனு போட்டிருக்கிறார். நேற்று தபால்காரர் கோர்ட் சம்மனோடு வந்தார். அம்மா, "ஊரில் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்கிறார். வாங்காவிட்டால் கேஸ் நின்றுவிடுமா?

செல்வம்: அம்மா விவரமானவர். இழுத்தடித்தால் கணவரே இறங்கி வருவார்.

பழைய குமாஸ்தா: செல்வம் சார், வம்பில் மாட்டிவிடாதீர்கள். வாங்க மறுத்தால் சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒரு தரப்பு இல்லாமலேயே தீர்ப்பு. அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட்டு, வராததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். வாங்கிக்கொள்ளம்மா, முதல் வாய்தாவுக்கே போய்விடு. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

செல்வம்: சரி, போகட்டும். போய் வருஷக்கணக்கில் அலைவதா? நான் அலைந்தவன், சொல்கிறேன். ஒரு தொகையைப் பேசி, அதே சட்டத்தின் 13பி பிரிவில் மியூச்சுவல், அதாவது இருவரும் சம்மதித்த விவாகரத்து மனு போட்டு முடிப்பதே மேல். ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பழைய குமாஸ்தா: கேட்டதும் கொடுக்க மாட்டார்கள் சார். ஜீவனாம்சம், பிள்ளைகள் பொறுப்பு எல்லாம் நிஜமாகவே பேசி முடிந்திருக்க வேண்டும். அப்புறம், கணவர் வருமானமே தெரியாமல் எந்தத் தொகையைப் பேசுவது? 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பின், ஜீவனாம்சம் கேட்டால் இரண்டு பேருமே சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்துதான். இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்ச மனு போடத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

செல்வம்: 24 கணவனுக்கும் உண்டு, அதையும் சொல்லுங்கள்!

பழைய குமாஸ்தா: உண்டு. போதிய வருமானம் இல்லாதவர் யாரும் கேட்கலாம்.

ராணியக்கா: செல்வம் தம்பி, அவசரமாக மியூச்சுவல் போட்டவள் என் தங்கை. முப்பது சவரன் மாமியார் லாக்கரில் இருக்க, 'சீர்வரிசை அனைத்தும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னத்தைக் கேட்பது?

செல்வம்: அது படிக்காமல் கையெழுத்துப் போட்ட தப்பு, மியூச்சுவலின் தப்பில்லை.

ராணியக்கா: படித்தாள் தம்பி. விட்டால் போதும் என்றிருந்தாள்.

மதுரைக்காரி: தபால்காரரிடம் நாளை வரச் சொல்லியிருக்கிறேன். கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்து, கழுத்தில் கிடப்பதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நகைக்கடை ரசீதை அப்பா இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறாராம்.