கப்பல் கம்பெனிக்குச் சொந்தத் தீவு கட்டுப்படியாகுமா?

கோத்தகிரி ஹோம்ஸ்டேக்காரன்:
தங்கச்சி பையன் அமெரிக்காவுல மயாமியில இருந்து கிளம்புற உல்லாசக் கப்பல்ல கிச்சன்ல இருக்கான். போன வாரம் வீடியோ கால்ல, "மாமா, இது எங்க கம்பெனியோட தீவு"ன்னு காட்டினான். எனக்குக் கணக்கு இடிக்குது. ராயல் கரீபியன்ங்கிற கப்பல் கம்பெனி பஹாமாஸ் நாட்டுல இருக்கிற கோகோகே தீவுல மட்டும் 25 கோடி டாலர் போட்டிருக்காங்க. அதுவும் புயல் அடிக்கிற கடல். பேசாம பஹாமாஸ் தலைநகர் நாசாவ் துறைமுகத்துல கட்டணம் கட்டி நிறுத்திட்டுப் போயிடலாமே? நான் மூணு ரூம் வச்சிருக்கேன், நாலாவது கட்டலாமான்னு நாலு வருஷமா யோசிக்கிறேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர் பழைய கப்பல்காரன்:
அண்ணே, ஒன்பது வருஷம் கப்பல் பார்ல இருந்துட்டு வந்தவன் நான். நாசாவ்ல நின்னா காலையிலேயே ஜனம் இறங்கிடும். சாயங்காலம் வரைக்கும் ஈ ஓட்டிக்கிட்டு கிளாஸ் துடைப்போம். தீவு நாள் அப்படி இல்ல. ஐஸ் வண்டியை மணல்ல ரெண்டு பேர் தள்ளுவோம், சக்கரம் புதையும். படுத்திருக்கிறவர் படுத்தபடியே அட்டையை நீட்டுவார், மெஷின்ல ஒரு தட்டு, முடிஞ்சது. மத்தியானத்துக்குள்ள மெஷின்ல சார்ஜ் தீர்ந்து வேற மெஷின் கேட்டு ஆள் அனுப்புவோம். வெளிய போயிருக்க வேண்டிய காசு அத்தனையும் கம்பெனிக்குள்ளயே நின்னுச்சு.

கோகோகேயை 2019ல புதுப்பிச்சுத் திறந்தாங்க. மத்தியானச் சாப்பாடு இலவசம்தான். ஆனா அது கப்பல்ல எப்படியும் சமைக்க வேண்டிய சாப்பாடு. வாட்டர் பார்க்குக்குத் தனி டிக்கெட், கபானான்னு சொல்ற கடற்கரைக் குடிலுக்குத் தனி வாடகை.

இன்னொண்ணு, மயாமிக்கு ஒரு ராத்திரி தூரம். கப்பல் மெதுவாப் போனாப் போதும், எண்ணெய்ச் செலவு குறையும். அமெரிக்காவுல 1886ல போட்ட சட்டம் வேற இருக்கு. வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல் அங்க ஆள் ஏத்தி அங்கயே திரும்ப இறக்கணும்னா நடுவுல ஒரு வெளிநாட்டைத் தொட்டாகணும். எப்படியும் நிக்கணும்னா சொந்த இடத்துல நிக்கலாம்ல. பஹாமாஸ் அரசுக்குப் பயணி தலைக்கு இவ்வளவுன்னு தலைவரி மட்டும் அங்கயும் கட்டித்தான் ஆகணும்.

லவ்டேல் டீச்சர்:
ஹைதியில லபாடியைச் சொல்லாம விட்டுட்டீங்களே. அதே கம்பெனி 1986ல இருந்து குத்தகைக்கு வச்சிருக்கிற இடம். பெரிய கப்பலுக்காகத் தோணித்துறையும் கட்டினாங்க. கலவரத்தால 2024லயும் 2025லயும் கப்பலை நிறுத்த வேண்டியதாப் போச்சு. கப்பலைத் திருப்பி விடலாம், கட்டினதைத் தூக்கிட்டுப் போக முடியுமா?

குன்னூர் பழைய கப்பல்காரன்:
உண்மைதாங்க டீச்சர். அதனாலதான் சின்ன கம்பெனிக்கு இது ஆகாதுன்னு சொல்வேன். கார்னிவல்னு இன்னொரு பெரிய கப்பல் கம்பெனி 2025ல கிராண்ட் பஹாமா தீவுல செலிப்ரேஷன் கீங்கிற சொந்த இடத்தைத் திறந்தாங்களே, அவங்ககிட்ட தினம் கொண்டுவந்து நிறுத்தக் கப்பல் இருக்கு. வாரம் ஒரு கப்பல் வந்தா, மீதி ஆறு நாளும் மணலைக் காவல் காக்கிற சம்பளம்தான் மிஞ்சும். தோணித்துறையும் வேணும். சின்ன படகுல ஆளை இறக்குற இடத்துல அலை ஏறினா அன்னைக்கு வருமானமே இல்ல.

எனக்கு மனசு கேட்காத இடம் ஒண்ணு இருக்கு. நாசாவ் சந்தையில ஓலைத் தொப்பி பின்னுற அம்மா ஒருத்தங்க. பேசிக்கிட்டே இருப்பாங்க, விரல் நிக்காது. எங்க கப்பல் தீவுக்கே திரும்பின மாசம், "உங்க ஆளுங்க ஏன் வரல?"ன்னு கேட்டாங்க. என்னால ஒண்ணும் சொல்ல முடியல. அண்ணே, இங்கயும் ரிசார்ட்டுக்குள்ளயே வர்க்கியும் டீத்தூளும் வச்சு ஆளை வெளிய விடாம வச்சிருக்காங்க. நீங்க அப்படிச் செய்யாதீங்க.

கோத்தகிரி ஹோம்ஸ்டேக்காரன்:
தம்பி, புரிஞ்சது. ரூம் இப்போ வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு மட்டும் வீட்டுல போடலாம்னு இருக்கேன். வர்க்கிக்கு பஸ் ஸ்டாண்ட் பேக்கரிக்கே வழி சொல்லி அனுப்பறேன்.