கேனான் ஈஎஃப் லென்ஸ்களைச் சோனி கேமராவில் பயன்படுத்தலாமா?

கேள்வி: என்னிடமுள்ள ஈஎஃப் லென்ஸ்களை விற்க மனமில்லை. அடாப்டர் வழியே சோனி ஏ7 வரிசைக் கேமராவில் பொருத்தினால், திருமணப் படப்பிடிப்புக்குத் தேவையான வேகத்தில் ஆட்டோஃபோகஸ் இயங்குமா?

பதில் 1: இயங்கும். ஈஎஃப் லென்ஸின் மவுண்டுக்கும் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளையம்) படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தொலைவு வேண்டும், சோனியில் அது 18 மி.மீ. மட்டுமே என்பதால், மீதமுள்ள 26 மி.மீ. இடத்தில் அடாப்டர் அமர்ந்து, கேமராவின் கட்டளைகளை லென்ஸுக்குப் புரியும் வடிவில் மாற்றித் தருகிறது.

பதில் 2: வீடியோவும் எடுப்பீர்களா? சிக்மா நிறுவனத்தின் எம்சி-11 அடாப்டர் வீடியோவில் தொடர் ஃபோகஸை (நகர்பவரைப் பின்தொடர்ந்து ஃபோகஸைத் தானே மாற்றிக்கொண்டே இருப்பதை) ஆதரிப்பதில்லை. தவிர, அது சிக்மாவின் சொந்த லென்ஸ்களுக்காகவே உருவாக்கப்பட்டது. மாலை மாற்றுவதையும் தாலி கட்டுவதையும் மறுமுறை எடுக்க முடியாது; ஆகவே, அந்த நேரத்திற்காவது சோனியின் சொந்த லென்ஸ் ஒன்றை வாடகைக்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: வீடியோவும் உண்டு. 24-70 மி.மீ. ஜூம் லென்ஸை மட்டும் சோனி மவுண்டில் எடுத்துக்கொள்கிறேன், நன்றி.