14 அடி படகுக்கு எந்த மின்மோட்டார் வாங்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே. மியான்மரில் மோல்மேன் பக்கம் சால்வின் ஆற்றில் தூண்டில் போடுகிறோம். 14 அடி மரப்படகு, ஆள், பேட்டரி எல்லாம் சேர்த்து 500 கிலோ வரும். நூறு பவுண்டு எடைக்கு இரண்டு பவுண்டு தள்ளுவிசை என்ற கணக்குப்படி 22 பவுண்டு போதும். ஆனால் அது அசையாத தண்ணீருக்குத்தான் சரி. இங்கே வற்றம் (கடல் நீர் வடிவது) இறங்கும்போது இழுப்பு பலமாக இருக்கும். 12 வோல்ட்டில் 55 பவுண்டு தாங்குமா, 24 வோல்ட்டில் 80க்குப் போகலாமா?

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்றால் ஒரு மணி நேரம்தான் ஓடும். கரண்டை நம்ப முடியாது, சோலாரில்தான் சார்ஜ். லித்தியம் பேட்டரியே மேல் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், உப்புத்தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் துத்தநாக ஆனோடை (மோட்டார் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துண்டு) எப்போது மாற்றுகிறீர்கள்? அனுபவத்தை எழுதுங்கள்.